சேறு காயும்வரை

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்மேட்டுக்கு வந்தவர்கள் இவர்கள்: ஊரின் சாலைப் பணியில் லாரி ஓட்டும் ஓடெட் ஷோகெட், பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்ன் கிட்ரெட்ஜ், கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் இனெஸ், மறுநாள் நண்பகலுக்குள் சிறையில் போய்ச் சேர வேண்டிய கில் பென்வே. லோர்னின் நாய் டர்னிப்பும் வந்திருந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை.

கில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியது மூன்றாவது முறை. கடைசி முறை ஒரு வீட்டின் முன்வாசலுக்குள்ளேயே காரை விட்டு, அங்கே தொங்கிய ஊஞ்சல் பெஞ்சை நொறுக்கினான். அந்த வீட்டுப் பெண் அப்போதுதான் போன் அடிக்கிறது என்று எழுந்து உள்ளே போயிருந்தாள். யாருக்கும் அடிபடவில்லை என்று கில்லின் வக்கீல் சொன்னார். அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் முன்வாசலில் உட்காருவதையே விட்டுவிட்டாள்.

வழக்கு இழுத்தது. உரிமத்தைப் பிடுங்கிவிட்டதால் அவன் எங்கே போனாலும் சைக்கிள்தான். பனியிலும் சைக்கிள், மழையிலும் சைக்கிள். குடியை விட்டான். விட்டவனுக்குச் சாயங்காலங்கள் நீளமாகிவிட்டன. அவற்றை நிரப்ப ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மெரில் டூக்ஸ்பரியின் மலையில் ஏறி, இரண்டு கோடைக்காலம் செலவழித்து, சைக்கிளுக்கு ஒரு பாதை வெட்டினான். பன்றிமுதுகு என்று அதற்குப் பெயர். சுற்றுவட்டாரத்தில் அதைவிட நல்ல பாதை இல்லை என்பதை அவனைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது பன்றிமுதுகு மூடியிருந்தது. எல்லாப் பாதையும்தான். ஏப்ரல் பாதி, பகலில் வெயில், இரவில் உறைபனி. பாகு காய்ச்சும் மேப்பிள் சாறு மரத்தில் ஓடுவதற்கு எது வேண்டுமோ, அதேதான் காட்டுப் பாதையைக் களியாக்கவும் வேண்டும். இந்த நாட்களில் ஒரு சைக்கிள் போனால் டயர் போன இடம் வாய்க்கால் ஆகிவிடும். அடுத்த மழை அந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு பாதையையே அரித்துவிடும். அதனால் ஒவ்வொரு பாதையின் வாயிலிலும் சங்கிலி போட்டுப் பலகை மாட்டியிருந்தது. மாட்டியவள் ஓடெட். பாதைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. சம்பளம் இல்லாத பதவி. வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அந்தப் பாதைகள் ஓடும் நிலமெல்லாம் தனியாருடையது. பத்திரம், கையெழுத்து எதுவும் இல்லை. நிலத்துக்காரர் தன் வாசலில் நின்று, "போங்க, ஆனா மூடுன்னா மூடணும்" என்பார். கை குலுக்குவார்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம். கொடுத்த கையை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஓடெட்டுக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் இந்த நினைப்புத்தான் வரும்.

மலை மூடினால் கல்மேடு. பழைய கிரானைட் குவாரிக்காரர்கள் விற்க முடியாத கல்லையெல்லாம் கொட்டிக் கொட்டி வளர்த்த குன்று அது. அறையளவு பாறை, கதவளவு பலகைக்கல், தலையளவு சில்லு. அங்கே சேறு கிடையாது, மண்ணே கிடையாது. ஊருக்குச் சொந்தம் என்பதால் யாருக்கும் அக்கறையும் கிடையாது.

"இங்க ஓட்டினா தரைக்கு ஒண்ணும் ஆகாது" என்றான் லோர்ன், தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டே. "ஆகுறதெல்லாம் நமக்குத்தான்."

பெரிய இடத்தில் ஓட்டுகிறவர்களுக்குச் சின்ன இடத்தின் ருசி தெரியாது. நால்வரும் ஒரே ஒரு வழியைத் தேர்ந்துகொண்டார்கள். உச்சியில் ஒரு சாய்ந்த பலகைக்கல். அங்கிருந்து இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு. இடுக்கைத் தாண்டினால் நீண்ட ஒற்றைக்கல். அதன் முனையிலிருந்து இடுப்பளவு கீழே சரளைமேல் குதிக்க வேண்டும். இறங்குவது கண் இமைக்கும் நேரம். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அதையே காலை முழுவதும் செய்தார்கள்.

"ப்ரேக்க விடுடா லோர்ன்! பிடிச்சா விழுவ!" என்று கீழிருந்து கத்தினாள் இனெஸ்.

"விட்டாலும் விழுவேன். ரெண்டுல எது மெதுவா விழறதுன்னு பாத்துட்டிருக்கேன்."

பிடித்தான். விழுந்தான். டர்னிப் ஓடிவந்து அவன் முகத்தை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்ததும் போய்விட்டது.

"ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கிட்டுப் போறது இந்த ஆளுதான்" என்றாள் இனெஸ்.

"பஸ்ஸுக்கு ஆறு சக்கரம்டி. அது பாட்டுக்கு நிக்கும்."

கில் அதிகம் பேசவில்லை. பேசாமல் வேலை பார்த்தான். ஒற்றைக்கல்லின் ஓரத்தில் அந்தக் காலத்தில் கல்லைப் பிளக்கத் துளைக் கம்பி விட்ட பள்ளங்கள் வரிசையாக இருந்தன. முன்சக்கரம் அதில் மாட்டினால் ஆள் தலைக்குப்புறப் போவான். அவன் குந்தி உட்கார்ந்து அந்தப் பள்ளங்களைச் சில்லுகளால் அடைத்தான். குதிக்கும் இடத்தில் பெரிய சரளையைப் பொறுக்கி எறிந்து, பொடியைக் காலால் பரப்பினான். பிறகு ஏறிப் போய், மிதிக்காமல், மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லாமல் முழுவதையும் இறங்கி வந்தான்.

"அடப்பாவி, எவ்வளவு சுலபமாப் பண்றான்!" என்றான் லோர்ன்.

ஓடெட் மூன்று முறை இடுக்கில் மாட்டினாள். நாலாவது முறை கில் இடுக்கின் பக்கத்தில் நின்றுகொண்டு, "கல்லப் பாக்காத. என்னப் பாரு" என்றான். பார்த்தாள். இடுக்கு பின்னால் போய்விட்டது. ஒற்றைக்கல் அடியில் கடகடத்தது. ஒரு கணம் எதுவுமே தொடவில்லை. பிறகு சரளை. அவள் கத்தினாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. இனெஸ் ஓடிவந்து தலைக்கவசத்தின் மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நாற்பத்து நாலு வயதில், கழிவுக் கல் மேட்டில், வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு நின்றாள் ஓடெட். மலை திறந்திருந்தால் ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள், முந்துகிறவன் முந்த, பிந்துகிறவன் பிந்த. மூடியிருந்ததால் ஒருவர் விழுவதை மற்ற மூவரும் நின்று பார்த்தார்கள். அதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மதியம் ஓடெட்டின் வண்டியின் பின்பலகையைத் தாழ்த்தி உட்கார்ந்தார்கள். முட்டை சான்ட்விச், டோனட், ஒரு பாட்டில் ஊறுகாய் வெள்ளரி.

"உள்ள சாப்பாடு எப்படின்னு கடுதாசி போடு" என்றான் லோர்ன். "பள்ளிக்கூட கேன்டீன விட மோசம்னா நானும் பீர விட்டுடறேன்."

இனெஸ் அவன் காலை மிதித்தாள். கில் சிரித்தான்.

"விடு இனெஸ். காலைலேர்ந்து இவன் ஒருத்தன்தான் அதப் பத்திப் பேசறான். நீங்க ரெண்டு பேரும் நான் ஏதோ அத்தை வீட்டுக்குப் போற மாதிரி பாக்கறீங்க."

பிறகு அவன் வெள்ளரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே ஓடெட்டைப் பார்த்தான்.

"நாளைக்குக் காலைல பன்றிமுதுகுல ஒரு தடவ. ஒண்ணே ஒண்ணு."

"இல்ல."

"முழுசாக் கேளும்மா. ராத்திரி நல்லா உறையும். காலைல தரை கல்லு மாதிரி இருக்கும். விடியும்போது போய் வெயிலுக்கு முன்னாடி இறங்கிடுவேன். உறைஞ்ச மண்ணுல கோடே விழாது."

"இல்ல கில்."

"நான் வெளிய வரும்போது பனி விழுந்திருக்கும். அதுக்குள்ள மெரில் மரத்த வெட்டிடுவாரு. சேறு காஞ்சதும் ஆளுங்க வராங்க. எனக்கு இதான் கடைசி." அவன் குரலை உயர்த்தவில்லை. "மரம் இழுக்கிற வண்டியோட சக்கரம் என் உயரம் இருக்கும். அது உழுதுட்டுப் போகப் போற எடத்துல என் டயர் கோடு எந்த மூலைக்கு?"

நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்காக ஓடெட் இரண்டு வாரமாகப் பயந்துகொண்டிருந்தாள்.

"மெரில் கிட்ட பேசிட்டிருக்கேன்" என்றாள். "பாதைக்கு ரெண்டு பக்கமும் பட்டையா ஒரு வரிசை மரத்த வெட்டாம விடச் சொல்லி. சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. இந்த நேரத்துல அங்க ஒரு கோடு விழுந்துதுன்னா அவ்வளவுதான்."

"நீ சொல்லவே இல்லையே."

"கிடைக்கலன்னா என்ன பண்றதுன்னுதான் சொல்லல."

"எவனாவது மரக்காரன் பாதைக்காகப் பட்டை விடுவானா? ஓடெட், நீ கனவு காணற."

"காணறேன். மரம் இழுக்கிற வண்டி அவரோடது, மலை அவரோடது. அவர் என்ன வேணா உழுவாரு. சங்கிலி நான் போட்டது."

லோர்ன் நாய்க்கு டோனட் கொடுப்பதில் மும்முரமாக இருந்தான். இனெஸ் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சரி, விடு" என்றான் கில்.

அவன் அதைச் சட்டென்று சொல்லிவிட்டான். இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்க வேண்டிய ஆள். ஓடெட் அதைக் கவனித்தாள். கவனித்தும், ஒரே நாளில் இரண்டு முறை அவனிடம் "இல்ல" என்று சொன்னதே போதும் என்று விட்டுவிட்டாள். சாயங்காலம்வரை இன்னும் பல முறை அந்தக் கல்லிலிருந்து குதித்தார்கள்.

மறுநாள் காலை அவள் காபி போடும்போது போன் அடித்தது. மெரில் டூக்ஸ்பரிக்கு எழுபது தாண்டிவிட்டது. போனில் வணக்கம் சொல்லும் பழக்கம் இல்லை.

"மலைல யாரோ போயிருக்காங்க. வா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் போனபோது பாகு காய்ச்சும் கொட்டகையின் கூரை வழியாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. மெரில் அடுப்பை மகனிடம் விட்டுவிட்டு வெளியே வந்தார். காலையில் மரங்களிலிருந்து சாறு இறக்கும் குழாய்களில் அணில் கடித்த இடத்தைத் தேடிப் போனபோது பார்த்தாராம். இருவரும் பாதையில் கால் வைக்காமல், குழாயை ஒட்டி மரங்களுக்கு நடுவே ஏறினார்கள்.

உச்சியிலிருந்து இரண்டாவது வளைவுவரை ஒன்றுமே இல்லை. வடக்குப் பார்த்த சரிவு. தரை இன்னும் இரும்பு. ஒரு சைக்கிள் அங்கே போனதா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. மூன்றாவது வளைவில் மலை கிழக்கே திரும்புகிறது. அங்கேதான் கோடு ஆரம்பித்தது. முதலில் நகக்கீறல். பிறகு விரல் ஆழம். பிறகு கை ஆழம்.

ஓடெட் அண்ணாந்து பார்த்தாள். சுற்றிலும் மொட்டை மரங்கள். வெயில் கிளம்பியதிலிருந்தே எந்தத் தடையும் இல்லாமல் அந்த வளைவில் வந்து விழுந்துகொண்டிருந்தது. இலை போட்ட பிறகு இந்த இடத்தில் நடுப்பகலிலும் விளக்கு வேண்டும், அவ்வளவு நிழல். கில் பாதை வெட்டியது கோடையில். ஓட்டியதும் கோடையில். இந்த வளைவின் ஒவ்வொரு கல்லும் அவனுக்குத் தெரியும், ஏப்ரல் மாதம் அங்கே நிழல் இருக்காது என்பது மட்டும் தெரியாது. நிழல் இருக்கிற இடமாகவே அதை மனதில் வைத்திருந்தான்.

கோடு நாலைந்து ஆள் நீளத்துக்குப் போய், நின்றிருந்தது. வழுக்கவில்லை, விழுந்த அடையாளம் இல்லை. நிறுத்தியிருந்தான். அங்கிருந்து பாதையை விட்டு விலகி, முட்புதருக்குள் காலடிகள் இறங்கின. சைக்கிளைத் தூக்கிச் சுமந்தவனின் ஆழமான காலடிகள்.

"யாரு?" என்றார் மெரில்.

தெரியாது என்று சொல்லலாம். பக்கத்து ஊர்ப் பையன்கள் என்று சொல்லலாம். அவர் நம்பக்கூடச் செய்வார்.

"கில்."

"இன்னைக்குத்தான உள்ள போறான்?"

"ஆமா."

அவள் முட்புதரைக் காட்டினாள். "பாருங்க மெரில், நின்னுட்டான். சேறுன்னு தெரிஞ்சதும் இறங்கி, தோள்ல போட்டுக்கிட்டு முள்ளுக்குள்ள போயிருக்கான். கீழ வரைக்கும் ஓட்டியிருக்கலாம். ஓட்டல."

"பாத்தேன்" என்றார் மெரில். "நல்லா நின்னிருக்கான். சங்கிலிகிட்ட நின்னிருக்கணும். அந்தப் பொம்பள வாசல்ல இடிச்சப்பவும் இடிச்சப்புறம் நின்னான், ஓடிப் போகல. அதுக்கு நான் அவனக் குறை சொல்லல."

கீழே கொட்டகையில் மகன் அடுப்புக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"அந்தப் பட்டைய விட்டுடறேன்" என்றார். "ரெண்டு பக்கமும் நீ கேட்ட அகலம். நேத்தே முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு உன்னக் கூப்பிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப ஒண்ணு சேத்துக்கறேன். யார் வேணா வரட்டும். அவன் வரக்கூடாது."

"இது அவன் வெட்டின பாதை மெரில்."

"வெட்டினது அவன்தான். நான் இல்லன்னு சொன்னேனா?"

அவர் கையை நீட்டினார். பாகு ஒட்டி, புகை படிந்த கை. ஓடெட் அதைப் பார்த்தாள். சனிக்கிழமை தோறும் அந்தப் பாதைக்கு வரும் பிள்ளைகளை நினைத்தாள், லோர்னையும் இனெஸையும் நினைத்தாள், கில்லையும் நினைத்தாள். இப்படியெல்லாம் யோசித்ததாகப் பின்னால் தனக்கே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அந்தக் கை அதிக நேரம் காற்றில் நிற்கவில்லை. அவள் குலுக்கினாள்.

அவன் வரக்கூடாது என்பது எத்தனை நாளைக்கு என்று கேட்டிருக்க வேண்டும். அது வண்டியில் ஏறிய பிறகுதான் தோன்றியது. கொட்டகை கண்ணுக்கு எதிரே இருந்தது. இறங்கி நாலடி வைத்தால் போதும். அவள் வண்டியைக் கிளப்பினாள். கேட்டால் அவர் சொல்லும் பதிலைக் கில்லிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

லோர்னுக்குப் பேருந்து, இனெஸுக்கு ஆஸ்பத்திரி. கில்லைக் கொண்டுவிட அரை நாள் விடுப்பு எடுத்தவள் ஓடெட் மட்டும்தான். அவன் இரும்புக்கடை மாடியில் இருந்த தன் அறைக்குக் கீழே, ஒரு காகிதப் பையோடு காத்திருந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை முள் கிழித்த கோடுகள். சட்டைக் கையை இறக்கிவிடக்கூட அவன் முயலவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் அவன் அவள் பூட்ஸில் காயாமல் இருந்த சேற்றைப் பார்த்தான்.

"மூணாவது வளைவு" என்றான் அவன். "மேல இலையே இல்ல. எனக்கு உறைக்கவே இல்ல பாரு. முட்டாள்."

"ஆமா."

"உன்கிட்ட சரின்னு சொல்லிட்டுப் போனேன்."

"ஆமா."

கொஞ்ச தூரம் போனதும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அது வரைக்கும் எப்படி இருந்துச்சு?"

அவன் கண்ணாடி வழியே வயல்களைப் பார்த்தபடி சொன்னான். "ரயில் மாதிரி. அந்த மாதிரி அது ஓடினதே இல்ல. மண்ணு ஒரு சத்தம் போட்டுது, கண்ணாடி மேல போற மாதிரி. ரெண்டாவது வளைவுல நான் மிதிக்கவே இல்ல. அப்புறம் திடீர்னு சத்தம் நின்னு போச்சு. சக்கரம் உள்ள போகுது. அதுக்கு மேல ஓட்ட மனசு வரல. யார் பாத்தா என்ன, பாக்கலன்னா என்ன. நான் வெட்டினதுடி அது, என் கையாலயே அத நாசம் பண்ண..."

சிறையின் வாகன நிறுத்துமிடத்தில் பனிக்காலத்தில் ஒதுக்கிய பனிக்குவியல் கறுத்துப்போய்க் கிடந்தது. அவள் எஞ்சினை அணைத்தாள்.

"மெரில் என்ன சொன்னாரு?" என்றான்.

சொல்லாமல் விடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். பார்க்க வரும்போது சொல்லலாம், கடிதத்தில் எழுதலாம். அவன் நேராகக் கேட்டதால் அதெல்லாம் போய்விட்டது.

"பட்டைய விட்டுடறாரு. ரெண்டு பக்கமும்."

அவன் முகம் மலர்ந்தது. நேற்றுக் கல்மேட்டில்கூட அவள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. "நிஜமாவா? பாதை இருக்குமா?"

"இருக்கும்."

"அடப்பாவி! பண்ணிட்டியே ஓடெட்!" என்று அவள் தோளில் குத்தினான்.

"நீ வரக்கூடாதுன்னாரு."

அவன் கை அப்படியே நின்றது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ என்ன சொன்ன?"

"கை குடுத்தேன்."

"எத்தன நாளைக்கு?"

"கேக்கல."

"கேக்கலயா?"

"கேக்கல கில்."

அவன் காகிதப் பையின் வாயை ஒரு மடிப்பு மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ள முடியும்.

"கேட்டிருக்கணும்" என்றான்.

"ஆமா."

இருவரும் இறங்கி நடந்தார்கள். உள்ளே ஒரு சின்ன அறை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காவலர். பெயரைக் கேட்டார், பிறந்த தேதியைக் கேட்டார். கையில் என்ன கீறல் என்று கேட்டார். முள் என்றான் கில். காவலர் அதை எழுதிக்கொண்டார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். அவன் கழற்றி, சுருட்டி, ஓடெட்டிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். கட்டிப்பிடிக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்பக்கக் கதவு கறகறத்துத் திறந்தது.

"அம்மா, நீங்க இதுக்கு மேல வர முடியாது" என்றார் காவலர்.

"தெரியும்" என்றாள்.

கில் பெல்ட் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காகிதப் பையை மற்றக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டினான். கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகு, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, பூட்டு விழுந்தது.